டெரஸ் வீட்டுக் கூரைக்குள் பரண்: ட்ரஸ்ஸில் கை வைக்கும் முன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். 1980களில் கட்டிய இரண்டு மாடி டெரஸ் வீடு, வரிசையில் நடுவீடு, ஓட்டுக் கூரை. மேல்மாடி சீலிங்கில் இருக்கிற சின்னத் திறப்பு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தால் உள்ளே தாராளமாக இடம் தெரிகிறது, ஆனால் முக்கோணம் முக்கோணமாக மரச்சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. ரெனவேஷன் கான்ட்ராக்டர் "நடுவில் நிற்கிற நாலு கட்டையை எடுத்துவிட்டு ப்ளைவுட் விரித்துக் கொடுத்துவிடுகிறேன், பெட்டிகளை அடுக்கிக்கொள்ளலாம்" என்கிறார். சரி என்று சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி.

சொல்லாதீர்கள். அந்த இடத்தைப் பயன்படுத்த வழி இருக்கிறது, அதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் கட்டைகளை வெட்டிவிட்டு அதே ட்ரஸ்ஸின் (கூரையைத் தாங்குகிற அந்த முக்கோணச் சட்டக்கூட்டின்) மேல் சாமானை ஏற்றுவது, பாரம் தாங்குகிறவனின் ஒரு காலை எடுத்துவிட்டு இன்னொரு மூட்டையையும் தலையில் வைப்பதுதான். நான் இங்கே சிங்கப்பூரில் கட்டமைப்புப் பொறியியல் வேலையில் இருக்கிறேன், பழைய தரைவீடுகளின் கூரைக்குள் ஊர்ந்து போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில், மேலே இருப்பது உண்மையிலேயே ட்ரஸ்ஸா என்று பாருங்கள். ஜூ சியாட், லிட்டில் இந்தியா பக்கத்துப் பழைய கடைவீடுகளில் பெரும்பாலும் ட்ரஸ்ஸே இருக்காது. ஒரு பக்கத்துப் பொதுச்சுவரிலிருந்து மறுபக்கத்துப் பொதுச்சுவர் வரை கனமான மர உத்திரங்கள் போகும், அவற்றின் மேல் கைமரம், அதன் மேல் ரீப்பர், ஓடு. அங்கே நடுவில் எதுவும் நிற்காது, உள்ளே காலியாக இருக்கும். அந்த மாதிரி வீடு மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால் (லிட்டில் இந்தியா 1989லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது) கூரையின் மர அமைப்பைத் தொடுவதே வேறு கதை, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் அதற்குத் தனியாக உண்டு. பிற்காலத்து டெரஸ் வீடுகளில் மர ட்ரஸ்ஸும் உண்டு, இன்னும் புதியவற்றில் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு மெல்லிய கால்வனைஸ்டு தகட்டை மடித்துச் செய்த இரும்பு ட்ரஸ்ஸும் உண்டு. அந்த இரும்பு ட்ரஸ்ஸைப் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் தகடு அவ்வளவு மெல்லியது என்பதால், கணக்கில் இல்லாத இடத்தில் ஒரு ஓட்டை போட்டாலோ பக்கவாட்டில் மிதித்தாலோ மடங்கிவிடும். அதை வெட்டுவது மரத்தைவிட மோசம்.

உங்களுடையது மர ட்ரஸ் என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் ஏன் வெட்டக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். ஓட்டின் எடை இரண்டு சரிவுச் சட்டங்களின் மேல் உட்காருகிறது. எடை ஏற ஏற அந்த இரண்டும் கீழ்முனையில் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். விரியவிடாமல் இழுத்துப் பிடிப்பது கீழே கிடைமட்டமாகப் போகிற சட்டம், அதாவது சீலிங் தொங்குகிறதே அந்தக் கட்டை. அது எப்போதும் இழுவையில் இருக்கிறது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ட்ரஸ்ஸின் நீளம் 6 மீட்டர், சரிவு 25 டிகிரி, இரண்டு ட்ரஸ்ஸுக்கு நடுவே 1.2 மீட்டர். ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ, ரீப்பர், சட்டங்கள், சீலிங் எல்லாம் சேர்த்தால் 85 கிலோ வரும். அப்படியானால் ஒரு ட்ரஸ் சுமப்பது நீளத்தில் மீட்டருக்குச் சுமார் 100 கிலோ, மொத்தம் 600 கிலோ. முகட்டின் உயரம் 1.4 மீட்டர். இந்த நிலையில் கீழ்ச்சட்டத்தில் இருக்கிற இழுவை 320 கிலோ பக்கம் வருகிறது. ஆள் யாரும் ஏறாமல், ஒரு பெட்டிகூட வைக்காமல், காற்றே அடிக்காமல், சும்மா நிற்கிற கூரையில் இது. "நடுவில் ஒரு துண்டு மட்டும்" என்று அந்தக் கட்டையை வெட்டினால் அந்த 320 கிலோவும் சுவரைத் தள்ளுகிற விசையாக மாறிவிடும்.

உங்கள் கான்ட்ராக்டர் கீழ்க்கட்டையைத் தொடமாட்டேன், நடுவில் சாய்வாக நிற்பதை மட்டும்தான் எடுப்பேன் என்று சொல்வார். சரி, அவை என்ன செய்கின்றன? சரிவுச் சட்டத்தை நடுவில் தாங்கிப் பிடிக்கின்றன. அவை இருப்பதால்தான் 3 மீட்டருக்கும் மேல் நீளமான சரிவுச் சட்டம் ஒன்றரை மீட்டர் ஒன்றரை மீட்டராகப் பிரிந்து வேலை செய்கிறது, அதனால்தான் அவ்வளவு ஒல்லியான கட்டை போதுமாக இருக்கிறது. நடுத்தாங்கலை எடுத்துவிட்டால் தாங்கலில்லாத நீளம் இரண்டு மடங்காகிறது. நீளம் இரண்டு மடங்கானால் கட்டையை வளைக்கிற விசை 4 மடங்கு, தொய்வு 16 மடங்கு. மரம் அன்றைக்கே ஒடியாது, அதுதான் இதில் மோசமான விஷயம். தொடர்ந்து பாரம் தாங்குகிற மரம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும், நம்முடைய ஈரக் காற்றில் அது இன்னும் கூடும். வேலை முடிந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

அப்படி ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். ஏர்கான் குழாய்க்கு வழி வேண்டும் என்று முன்பு எப்போதோ வந்தவர்கள் இரண்டு ட்ரஸ்ஸில் ஒவ்வொரு சாய்வுக்கட்டையை அறுத்திருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தபோது அறுத்த முனை இன்னும் வெளிர்நிறமாகத் தெரிந்தது, சுற்றியிருந்த மரமெல்லாம் கருத்துப்போயிருந்தது. அந்த இடத்தில் சரிவுச் சட்டம் தொய்ந்து, மேலே ஓடுகளுக்கு நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் மழைக்கு அந்த மூலையில் ஒழுகுகிறது, ஓட்டை மாற்றினாலும் நிற்கவில்லை என்பதுதான். பக்கத்துக் கட்டையில் இருந்த பல்தகடு ஒரு பக்கம் எழும்பி நின்றது. அந்தத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆலையில் செய்த மர ட்ரஸ்ஸில் மூட்டுகளை ஆணி பிடிப்பதில்லை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பற்கள் உள்ள இரும்புத் தகட்டை இயந்திரத்தால் அழுத்திப் பதிப்பார்கள். 1950களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பிறந்த முறை அது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பல் மரத்துக்குள் ஒரு சென்டிமீட்டர்கூடப் போயிருக்காது. நெம்பிவிட்டு மறுபடி சுத்தியலால் அடித்தால் பழைய பிடிப்பு வராது. அதனால்தான் ட்ரஸ்ஸில் ஒரு கட்டையைக் கழற்றி இன்னொரு இடத்தில் மாட்டுவதெல்லாம் வீட்டில் செய்கிற தச்சு வேலையில் சேராது.

இனி எடை. பரணில் நாம் வைப்பது லேசான பொருள் என்று எல்லோரும் நினைக்கிறோம். பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்களையும் பயிற்சிப் புத்தகங்களையும் போட்ட ஒரு சாதாரண அட்டைப்பெட்டி, 40க்கு 30க்கு 30 சென்டிமீட்டர், 20 முதல் 25 கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டரில் அப்படி எட்டுப் பெட்டி ஒரே அடுக்காக உட்காரும், அதுவே கிட்டத்தட்ட 200 கிலோ. கூரைக்குள் கொஞ்சம் சாமான் வைப்பார்கள் என்று எதிர்பார்த்துச் செய்கிற பிரிட்டிஷ் முறை ட்ரஸ்ஸுக்கே கணக்கில் எடுக்கிற சாமான் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோதான், அதோடு பழுதுபார்க்க ஏறுகிற ஒரு ஆளின் எடை. அமெரிக்கர்களின் விதியில் சாமான் வைக்காத கூரைக்குச் சுமார் 50 கிலோ, அளவாகச் சாமான் வைக்கிற கூரைக்கு 100 கிலோ. எட்டுப் புத்தகப் பெட்டிகள் இந்த மூன்று கணக்கையும் தாண்டிவிட்டன. பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு, அம்மி என்று போனால் கேட்கவே வேண்டாம். கொலுப்படிச் சட்டம், காலிப் பயணப்பெட்டிகள், தீபாவளி அலங்கார விளக்குகள், அலுமினியக் காவடிச் சட்டம் மாதிரிப் பொருள்கள் மட்டும்தான் என்றால் அது வேறு. ஆகவே எதை வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் ஒரு பட்டியல் போட்டு, முடிந்தால் குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தும் பாருங்கள். பலருக்கு இந்தக் கட்டத்திலேயே முடிவு மாறிவிடுகிறது.

சிலர் இன்னொரு கணக்குச் சொல்வார்கள்: ஓட்டை எடுத்துவிட்டு மெட்டல் ஷீட் போட்டுவிடுகிறோம், சதுர மீட்டருக்கு 50 கிலோ இருந்தது 5 கிலோவாகிவிடும், மிச்சமான 45 கிலோவைப் பெட்டிகளுக்குக் கொடுக்கலாமே என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டின் எடை மேலே சரிவுச் சட்டத்தின் மேல் பரவி உட்கார்ந்தது, பெட்டியின் எடை கீழ்ச்சட்டத்தின் நடுவில் உட்காரும். கீழ்ச்சட்டம் இழுவைக்குச் செய்தது, நடுவில் அழுத்தி வளைப்பதற்குச் செய்ததில்லை. அதோடு கூரை லேசாகிவிட்டால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். சிங்கப்பூரில் என்ன பெரிய காற்று என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 17 மாலை அடித்த சுமத்ரா காற்றில் (சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வீசுகிற புயல்காற்று) தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவானது, தீவெங்கும் மரங்கள் சாய்ந்தன. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25இல் பதிவான 144.4 கிலோமீட்டர்தான் இன்றுவரை இங்கே உச்சம். கூரையைக் காற்று மேலே இழுக்கும்போது ட்ரஸ்ஸுக்குள் விசைகள் எல்லாம் தலைகீழாகும்: இழுவையில் இருந்த ஒல்லிக்கட்டை அமுக்கத்துக்கு வரும், ஒல்லியான கட்டை அமுக்கத்தில் பக்கவாட்டில் வளைந்து கொடுத்துவிடும். ஓட்டுக் கூரையை மெட்டலாக மாற்றுகிறவர்கள் ட்ரஸ்ஸைச் சுவரோடு பிடித்துக் கட்டும் இணைப்புகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பரண் போட்டாலும் போடாவிட்டாலும் இது அவசியம்.

சரி, வழி என்ன? எனக்கு மிகவும் பிடித்த வழி, ட்ரஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு பரணுக்குத் தனியாகத் தரை கொடுப்பது. சீலிங்குக்கு மேலே, கான்கிரீட் தூண்களிலோ உத்திரங்களிலோ இரண்டு பக்கமும் உட்காருகிற மாதிரி இரும்பு பீம்களைப் போடுவது, அவற்றின் மேல் பலகை விரிப்பது. ட்ரஸ்ஸின் கட்டைகளுக்கும் இந்தப் புதுத் தரைக்கும் நடுவே எங்குமே தொடாத இடைவெளி இருக்க வேண்டும், பீம் முழுப் பாரத்தில் தொய்ந்தாலும் தொடாத அளவுக்கு. 6 மீட்டர் நீளத்துக்கு, 2 மீட்டருக்கு ஒன்றாக, வீட்டுத் தரைக்குரிய பாரத்துக்குக் கணக்குப் போட்டால் பீமின் உயரம் 200 மில்லிமீட்டர் சுற்றி வரும். அந்த 200 மில்லிமீட்டரும் பலகையும் இடைவெளியும் உங்கள் நிற்கிற உயரத்தில் கழியும். முகடு 1.4 மீட்டர் உயரம் உள்ள கூரையில் அதற்குப்பின் மிச்சமாவது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். தவழ்ந்து போய் வைத்துவிட்டு வரலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. ட்ரஸ்ஸின் சாய்வுக்கட்டைகளும் அங்கேயேதான் இருக்கும், அவற்றுக்கு நடுவே நடுவே சாமான் வைக்க வேண்டும். அந்த அளவு போதும் என்றால் இதுதான் சரியான வேலை.

இதில் கான்ட்ராக்டர்கள் தவறுகிற இடம் பீம் உட்காரும் இடம். நடுவீடு என்பதால் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அது செங்கல் சுவர் மட்டுமா, அதற்குள் கான்கிரீட் உத்திரம் போகிறதா என்று தெரியாமல் துளை போட்டுக் கிளாம்ப் அடித்துவிடுவார்கள். சுவரின் மறுபக்கம் இன்னொருவர் வீடு. அதில் பாரம் ஏற்றுவதற்கு முன் அவரிடம் பேசியாக வேண்டும், அதைவிட முக்கியமாக அந்தச் சுவர் தாங்குமா என்று பொறியாளர் சொல்ல வேண்டும். மேல்மாடி அறைகளைப் பிரிக்கிற மெல்லிய செங்கல் சுவர்களில் பீமை வைக்கவே கூடாது, பெரும்பாலும் அவை பாரம் சுமக்கிற சுவர்கள் இல்லை. கூரை மட்டத்து கான்கிரீட் உத்திரங்களும் லேசான கூரையை மட்டும் மனதில் வைத்துப் போட்டவையாக இருக்கும், கூடுதல் பாரத்துக்கு அவற்றையும் சரிபார்க்க வேண்டும். 6 மீட்டர் இரும்பை மாடிப்படி வழியாக ஏற்ற முடியாது என்பது இன்னொரு நடைமுறைச் சிக்கல். ஒன்று, ஓட்டைக் கொஞ்சம் பிரித்து மேலே இருந்து இறக்க வேண்டும், அல்லது இரண்டு துண்டாகக் கொண்டுபோய் உள்ளே போல்ட் போட்டு இணைக்க வேண்டும். அந்த இணைப்பையும் பொறியாளர் வரைந்து தர வேண்டும், அங்கேயே வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். காய்ந்த மரத்துக்கும் பழைய வயருக்கும் நடுவே தீப்பொறி வேண்டாம்.

நிமிர்ந்து நிற்கிற இடம்தான் வேண்டும் என்றால் இருக்கிற ட்ரஸ்ஸைத் திருத்துவதில் பயனில்லை. நடுவில் அறை விட்டுச் செய்கிற ட்ரஸ்கள் உண்டு, அவற்றில் கீழ்ச்சட்டமே தரையைச் சுமக்கிற அளவுக்குத் தடிமனாக இருக்கும், சரிவும் செங்குத்தாக இருக்கும். அதற்குக் கூரையையே கழற்றி மாற்ற வேண்டும். அப்போது கூரை உயரம் கூடும், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் உயர வரம்பு குறுக்கே வரும்: இரண்டு மாடிப் பகுதியில் 12 மீட்டர், மூன்று மாடிப் பகுதியில் 15.5 மீட்டர். படி, ஜன்னல், நிற்கிற உயரம் எல்லாம் வந்துவிட்டால் அதைப் பரண் என்று சொல்லித் தப்ப முடியாது, அதற்குரிய திட்ட அனுமதி வேண்டும். செலவும் அதற்கேற்றபடிதான். பெட்டி வைப்பதற்காக மட்டும் இதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, பொறியாளர் வடிவமைத்து ஒரு கட்டையை இடம் மாற்றுவது. ஏணி ஏறும் இடத்தில் ஒரே ஒரு சாய்வுக்கட்டை தடையாக இருந்தால் இது பொருந்தும். முறை முக்கியம்: முதலில் ட்ரஸ்ஸுக்கு ஜாக்கி கொடுக்க வேண்டும், அந்த ஜாக்கி மேல்மாடித் தரையில் நின்றால் அதற்கு நேர் கீழே தரைத்தளத்திலும் இன்னொன்று. பிறகு சரிவுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் துணைக்கட்டைகளை போல்ட் போட்டுச் சேர்த்து, புதிய தாங்கலைப் பொருத்தி, எல்லாம் இறுகியபின் கடைசியாகத்தான் பழைய கட்டையை அறுக்க வேண்டும். ரம்பத்தோடு முதலில் ஏறுகிற ஆளை அன்றைக்கே இறங்கச் சொல்லிவிடுங்கள்.

இவை எதற்குமே போகாமல் தீர்வு கிடைக்கிற வீடுகளும் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தரைவீடுகளில் கூரைக்குள் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கென்று குளியலறைக்கு மேல் ஒரு சின்ன கான்கிரீட் தளம் போட்டிருப்பார்கள். தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடம் சும்மா கிடக்கிற வீடுகள் நிறைய. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன், அதைச் சுமக்கப் போட்ட தளம் உங்கள் பெட்டிகளைச் சுமக்கும், கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரியாமல் இருந்தால். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழி கிடையாது. ட்ரஸ்ஸை மாற்றுவதோ பீம் போடுவதோ கட்டமைப்பு வேலை, பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளர், இங்கே எல்லோரும் பிஇ என்று சொல்கிறவர், வரைபடம் தயாரித்து கட்டட, கட்டுமான ஆணையத்திடம் கொடுத்து அனுமதி பெற்றுத்தான் தொடங்க வேண்டும். "சீலிங்குக்கு மேல யார் பார்க்கப் போறாங்க" என்பார்கள். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் ஆள் பார்ப்பார். (வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடி வீட்டின் மேல்மாடியில் இருப்பவர்களும் சிலர் இதைக் கேட்பதுண்டு. உங்கள் சீலிங் கான்கிரீட், அதற்கு மேலே இருப்பது பொது இடம், அதில் உங்களுக்கு உரிமை இல்லை.)

எந்தப் பரணாக இருந்தாலும் உள்ளே என்ன வைக்கலாம் என்பதை வெயிலும் ஈரமும் தீர்மானிக்கும். மதியத்தில் ஓட்டுக்கடியில் 40 டிகிரிக்கு மேல் போகும், விடிகாலையில் ஈரம் இறங்கும், இது தினமும் நடக்கும். பட்டுப்புடவை, புகைப்பட ஆல்பம், பத்திரங்கள், பவர் பேங்க், பெயின்ட் டின் எதுவும் அங்கே வேண்டாம். அட்டைப்பெட்டிக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள், அட்டை கரையானுக்குத் தீனி. பெட்டிகளை ட்ரஸ் சுவரில் உட்காரும் முனையை மறைத்து அடுக்காதீர்கள். சுவருக்குள் ஏறி வருகிற கரையான் முதலில் தொடுவதும் அந்த முனையைத்தான், ஓடு ஒழுகினால் முதலில் உளுத்துப்போவதும் அதுதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது டார்ச் அடித்து, ஸ்க்ரூட்ரைவர் முனையால் குத்திப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

1980களின் வீடு என்று சொன்னீர்கள், அதில் ஒன்றைத் தள்ளிப்போட முடியாது. இங்கே கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது 1988இல். உங்கள் சீலிங் பலகை அதற்கு முந்தையதாக இருக்கலாம். 1991க்கு முன் கட்டிய கட்டடத்தில் உடைக்கிற, மாற்றுகிற வேலைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று தகுதியுள்ளவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதே விதி. முடிவு வரும்வரை சீலிங்கில் துளை போடவோ திறப்பை அகலப்படுத்தவோ யாரையும் விடாதீர்கள்.

பிஇயைக் கூப்பிடும் முன் திறப்பிலிருந்தே, உள்ளே ஏறாமல், நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒரு ட்ரஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, கீழ்ச்சட்டத்தின் அகலம் உயரம், சீலிங்கிலிருந்து முகடு வரை உயரம் இவற்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் பழைய வரைபட நகலைக் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் கட்டணம் கட்டி வாங்கலாம், உரிமையாளர் நீங்கள் என்பதால் விண்ணப்பிக்கலாம். பொதுச்சுவரில் கான்கிரீட் உத்திரம் இருக்கிறதா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும், தெரிந்தால் சுவரைக் கொத்திப் பார்க்கிற வேலை மிச்சம்.